பூச்சிகளுக்காகப் பேச வந்தவர்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. விடுதியின் படிப்பறையில் நாங்கள் நாற்பது பேர் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று சன்னல் வழியே ஈசல்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே புகுந்தன. ஒரே கூச்சல்! சிலர் பெஞ்சின் மீது ஏறி நின்றோம். சிலர் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டோம். சிஸ்டர் ஓடி வந்து அறை விளக்குகளை அணைத்துவிட்டு, வெளி வராந்தாவில் ஒரே ஒரு விளக்கைப் போட்டார். சிறிது நேரத்தில் ஈசல்கள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலையில் வராந்தா முழுவதும் உதிர்ந்த சிறகுகள் கிடந்தன. அவற்றைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டினோம். அந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது, ஏன் சிறகை உதிர்த்தது என்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அறிவியல் வகுப்பில் எங்கள் ஆசிரியை திரையில் ஒரு தொலைக்காட்சிப் படத்தைப் போட்டுக் காட்டினார். அதில் நரைத்த தலையுடன் ஒருவர், நள்ளிரவில், நடுக்காட்டில், ஒரு வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதன் முன் பெரிய விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருந்தார். அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் வந்து துணியிலும் அவர் சட்டையிலும் அமர அமர, பிறந்தநாள் பரிசு பெற்ற சிறுவனைப்போல் அவர் முகம் மலர்ந்தது. நாங்கள் எதைக் கண்டு பெஞ்சின் மீது ஏறினோமோ, அதையே இவர் விளக்கு வைத்து வரவேற்கிறார்! ‘யார் இந்த மனிதர்?’ என்று கேட்கத் தொடங்கினோம். அந்தக் கேள்வியின் பயனே இக்கட்டுரை.

அவர் பெயர் ஜார்ஜ் மெக்காவின். 1954ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். பின்னர் இலண்டனில் இம்பீரியல் கல்லூரியிலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் பூச்சிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு இயற்கைக் கல்விப் பயணம் சென்றபோதுதான் அவர் மனம் பூச்சிகளின்பால் திரும்பியதாம். உடன் வந்தவர்கள் அரிய பெரிய விலங்கு ஏதேனும் தென்படுமா என்று தொலைவில் தேடிக்கொண்டிருக்க, இவர் தம் காலடியைப் பார்த்தார். அங்கே ஆயிரக்கணக்கான உயிர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. எல்லோரும் தேடுவது கிடைக்கவில்லை. யாரும் தேடாதது காலடியில் குவிந்து கிடக்கிறது. அறிவுள்ளவன் எதை எடுப்பான்?

அதன்பின் 25 ஆண்டுகள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவின் துணைக் காப்பாளராகவும் இருந்தார். அப்பிரிவின் தொடக்கம் சுவையானது. பிரெடரிக் வில்லியம் ஹோப் என்னும் மதகுரு ஒருவர் தாம் சேர்த்த பூச்சிகளையெல்லாம் 1849இல் பல்கலைக்கழகத்திற்கு நன்கொடையாக அளித்தார். மறையுரை ஆற்றிய கைகளே வண்டுகளையும் சேகரித்தன என்பதை எண்ணி வியந்தோம். இன்று அங்கே ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட பூச்சி மாதிரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஊசியில் குத்தி, எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று சிறு சீட்டில் எழுதி, இழுப்பறைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் செத்த பூச்சி. சீட்டு இருந்தால் அது சான்று.

இத்தகைய வேலையில் இருந்தவர், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, அதை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். பி.பி.சி.யின் பயணத் தொடர்களில் போர்னியோ (2006), கயானா (2008), பாப்புவா நியூகினி (2009), பூட்டான் (2010) ஆகிய இடங்களின் காடுகளுக்குச் சென்றார். கவிழ்த்த குடையைப்போல் ஒரு துணியைக் கிளைக்கு அடியில் பிடித்து, கோலால் கிளையைத் தட்டுவார். உதிர்ந்து விழும் சிறு உயிர்களைக் குழாய் பொருத்திய புட்டிக்குள் மெல்ல உறிஞ்சி எடுப்பார். பிறகு நம்மைப் பார்த்து, ‘இதோ, இதைப் பாருங்கள்’ என்பதுபோல் பேசத் தொடங்குவார்.

இதில் எங்களை மிகவும் பாதித்த செய்தி ஒன்று உண்டு. இவர் சிறுவயதில் கடுமையாகத் திக்கிப் பேசியவர். சொல் நாவில் சிக்கித் தவித்த பிள்ளை, பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் முன் பேசுவதையே தொழிலாகக் கொண்டார். பேச வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று தெரியவில்லை. பேசுவதற்கு ஒரு பொருளும் இருந்தது. சொல்லியே தீர வேண்டிய செய்தி உள்ளவனை எந்தத் தடையும் நீண்ட நாள் நிறுத்தாது என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதை எழுதும்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவளும் திக்கிப் பேசுபவள். ஐந்தாம் வகுப்பிலிருந்து காலை வணக்கக் கூட்டத்தில் அவள் ஒருமுறையும் மேடையேறியதில்லை. பட்டியல் எழுதும்போது அவள் பெயரை நாங்களே விட்டுவிடுவோம். ‘அவளுக்குச் சங்கடமாக இருக்கும்’ என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் சங்கடப்பட்டது யார்? கேட்டுக்கொண்டிருக்கப் பொறுமையில்லாத நாங்கள்தாம். இந்தப் படத்தைப் பார்த்த பின் அவளிடம் போய், ‘அடியே, அறிவியல் தினத்தில் எறும்பைப் பற்றிப் பேசுகிறாயா?’ என்று கேட்டோம். ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். மூன்று நிமிடப் பேச்சு ஏழு நிமிடம் ஆயிற்று. நடுவில் இரண்டு இடங்களில் நீண்ட நேரம் நின்றாள். ஆனால் அன்று பேசிய ஐவரில் தாளைப் பார்க்காமல் பேசியவள் அவள் ஒருத்திதான்.

நிற்க. மெக்காவின் எடுத்த முடிவு சரியா என்பது பற்றி எங்கள் வகுப்பில் இரு கட்சிகள் உண்டாயின. ‘ஆராய்ச்சியாளரின் இடம் ஆராய்ச்சிக்கூடமே. தொலைக்காட்சி பொழுதுபோக்குச் சாதனம். ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டுமென்றால் பாதியை விட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பயமும் வியப்பும் ஊட்டுவதற்காக மிகைப்படுத்தவும் நேரும். கற்றறிந்த ஒருவர் 25 ஆண்டு அனுபவத்தை இப்படிச் செலவிடலாமா?’ என்பது ஒரு கட்சி. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாம்பையும் தேளையும் வைத்து வேடிக்கை காட்டி, அறிவியல் என்று பெயர் சூட்டும் நிகழ்ச்சிகளை நாமும் பார்க்கிறோம் அல்லவா?

ஆயினும் நாங்கள் மறு கட்சியையே சார்கிறோம். ஏன் என்பதற்கு அவருடைய நிகழ்ச்சிகளே சாட்சி.

2011இல் அவர் செய்த நிகழ்ச்சி ஒன்று, பொருள்கள் அழுகுவதைப் பற்றியது. எடின்பரோ விலங்குக் காட்சிசாலையில் ஒரு பெரிய கண்ணாடி அறை கட்டி, அதற்குள் வீட்டுச் சமையலறையையும் தோட்டத்தையும் அமைத்தார்கள். இறைச்சி, மீன், பழம், ரொட்டி எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவை அழுகுவதைப் படம் பிடித்தார்கள். பூஞ்சை படர்ந்தது, ஈக்கள் முட்டையிட்டன, புழுக்கள் நெளிந்தன. முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஆனால் பார்க்கப் பார்க்க ஓர் உண்மை புலப்படும். ஈப்புழுவும் பூஞ்சையும் இல்லாவிட்டால் இறந்தவை எல்லாம் இறந்தபடியே கிடக்கும். மண்ணுக்கு உரம் திரும்பாது. அடுத்த செடி முளைக்காது. நாம் அருவருப்பு என்று எதைச் சொல்கிறோமோ அதுவே உலகத்தின் துப்புரவுப் பணி. புண்ணில் அழுகிய சதையை மட்டும் தின்னும் ஈப்புழுக்களை, தூய்மையான முறையில் வளர்த்து, ஆறாத புண்களுக்கு மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதும் வியப்பன்றோ?

2013இல் ஆடம் ஹார்ட் என்னும் உயிரியல் அறிஞரோடு சேர்ந்து இலைவெட்டி எறும்புகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தார். மண்ணுக்குள் மறைந்திருக்கும் எறும்புப் புற்றை எல்லோரும் பார்க்கும்படி அறை அறையாக அமைத்துக் காட்டினார்கள். இந்த எறும்புகள் இலைகளை வெட்டிச் சுமந்து செல்கின்றன. ஆனால் அவை தின்பதற்கு அல்ல. இலையை மென்று கூழாக்கி, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சையைப் பயிரிடுகின்றன. அந்தப் பூஞ்சையே கூட்டத்தின் உணவு. மனிதன் ஏர் பிடிப்பதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே எறும்பு உழவுத்தொழில் செய்துவந்தது! இன்னொரு செய்தியும் உண்டு. வெட்டுவது, சுமப்பது, காவல் காப்பது, குஞ்சு வளர்ப்பது, குப்பை அள்ளுவது என அத்தனை வேலையும் செய்பவை பெண் எறும்புகள். இதைக் கேட்டதும் வகுப்பில் எழுந்த கைதட்டலைத் தலைமையாசிரியை அறைவரை கேட்டதாகச் சொன்னார்கள்.

2015இல் இங்கிலாந்தில் ஒரு 400 ஆண்டு ஓக் மரத்தை ஓராண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்து ஒரு நிகழ்ச்சி அளித்தார். ஓக் தளிரைப் புழுக்கள் தின்கின்றன. அந்தப் புழுக்களைச் சிட்டுகள் கொண்டுபோய்க் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. இலை துளிர்க்கும் நாள், புழு பொரிக்கும் நாள், குஞ்சு பொரிக்கும் நாள் மூன்றும் ஒத்துப்போனால்தான் குஞ்சு பிழைக்கும். புழு அரித்த இலையைப் பார்த்து ‘ஐயோ, மரம் கெட்டது’ என்போம். அந்த ஓட்டையின் வழியே ஒரு பறவைக் குடும்பம் பிழைத்ததை யார் நமக்குச் சொல்வார்?

இவ்வாறு சொல்வதற்கு, இழுப்பறைகளின் நடுவே 25 ஆண்டுகள் இருந்த ஒருவர் தேவை. அழகாகப் பேசத் தெரிந்தவர் எழுதிக் கொடுத்ததைச் சொல்வார். அறிந்தவரோ கண்டதைச் சொல்வார். எதிர்பாராமல் ஒரு வண்டு கையில் விழுந்தால், அது இன்னது, இன்ன வேலை செய்வது என்று அந்த நொடியிலேயே கூற அவரால்தான் முடியும். ஆகவே அவர் 25 ஆண்டு உழைப்பை வீணாக்கினார் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். சேர்த்து வைத்ததை எடுத்துப் பரிமாறினார் என்றே சொல்வோம். பின்னாளில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் தம்மைத் தாக்கியபோது, தாம் பெற்ற சிகிச்சையையும் அவர் படமாக்கச் சம்மதித்தார். தம் உடலையே பாடமாக்கிக் காட்டியவரை விளம்பரப் பிரியர் என்று எப்படிச் சொல்வது?

தொலைக்காட்சியின் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2009இல் பாப்புவா நியூகினியின் போசாவி என்னும் அணைந்த எரிமலையின் வாய்க்குள் இவர் குழு இறங்கியது. அங்கே பூனையளவு பெரிய எலி ஒன்று அகப்பட்டது. வாலோடு சேர்த்து 82 சென்டிமீட்டர் நீளம்; ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. மனிதரைக் கண்டு அஞ்சாமல் அருகே அமர்ந்திருந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த எலியைப் பற்றியே எழுதின. அதே பயணத்தில் புதிய தவளைகளும் பூச்சிகளும் சிலந்திகளும் கிடைத்தன. அவற்றைத் தலைப்பில் போட்டவர் யார்? மயிருள்ள விலங்குக்கே மக்கள் மனம் இரங்குகிறது. ஆறுகால் உயிருக்கு வக்கீல் வேண்டியிருக்கிறது. அதனால்தான் பூச்சிகளை அறிந்த ஒருவர் திரையின் முன் நிற்பது அவசியம் என்கிறோம்.

‘பூச்சிக்கு வக்கீல் எதற்கு? கொசு கடிக்காமல் இருந்தால் போதாதா?’ என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். கொசுவுக்காக நாங்கள் வாதாட வரவில்லை. எங்கள் வகுப்பிலேயே இவ்வாண்டு இருவர் டெங்குக் காய்ச்சலில் கிடந்தார்கள். ஆனால் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் ஏறத்தாழ பத்து இலட்சம். நமக்குத் தீங்கு செய்பவை அவற்றில் மிகச் சிலவே. ஒரு வீட்டில் ஒருவன் திருடினான் என்பதற்காக ஊரையே கொளுத்துவார் உண்டோ? உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்கால் பங்கு, காய்ப்பதற்கு ஓரளவேனும் பூச்சி முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. எங்களுக்கு மிகவும் பிடித்த சாக்லேட்டும் அப்படித்தான். கொக்கோ மரத்தின் சின்னஞ்சிறு பூவுக்குள் நுழைந்து மகரந்தத்தைச் சேர்ப்பது கொசுவையும்விடச் சிறிய ஒருவகை ஈ.

இவ்வளவு நன்மை செய்யும் பூச்சிகள் குறைந்து வருகின்றன என்பதே கவலைக்குரியது. ஜெர்மனியில் 63 இயற்கைக் காப்பிடங்களில் பொறி வைத்து, 27 ஆண்டுகள் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடை போட்டார்கள். 2017இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதுவும் காப்பிடங்களிலேயே! இந்தப் பொறிகளை ஆண்டாண்டாக வைத்து வந்தவர்களில் பலர், பூச்சி சேகரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட சாதாரண மக்கள். சிறுவயதில் யாரோ ஒருவர் ஒரு வண்டைக் கையில் வைத்து ‘இதைப் பார்’ என்று காட்டியிருக்காவிட்டால் அவர்கள் இந்த வேலைக்கு வந்திருப்பார்களா? பூச்சிகள் குறைவதை உலகம் அறிந்திருக்குமா?

இனி, இக்கட்டுரையை வாசிக்கும் எங்கள் பெற்றோரிடமும் ஆசிரியைகளிடமும் ஒரு விண்ணப்பம்.

அடுத்த ஆண்டு நாங்கள் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேருவது என்று தீர்மானிக்க வேண்டும். உயிரியல் எடுக்கிறேன் என்றால், ‘டாக்டராகப் போகிறாயா?’ என்று கேட்கிறீர்கள். இல்லை என்றால், ‘பின் எதற்கு உயிரியல்?’ என்கிறீர்கள். எங்களில் ஒருத்தி வீட்டில், ‘பூச்சிகளைப் பற்றிப் படிக்க ஆசை’ என்று சொன்னாள். பாட்டி சிரித்தார், அண்ணன், ‘கரப்பான்பூச்சி டாக்டர்’ என்று பட்டம் சூட்டினான், அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ‘அதற்கு வேலை கிடைக்குமா, அம்மா?’ என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாங்கள் குறை கூறவில்லை. கடன் வாங்கிப் படிக்கவைப்பவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். அதற்கு எங்கள் பதில் இது: பயிரைக் காப்பது, நோய் பரப்பும் கொசுவை ஆராய்வது, தேனீ வளர்ப்பு, பட்டுத்தொழில், இறந்தவர் உடலில் உள்ள ஈப்புழுவின் வளர்ச்சியைக் கொண்டு இறந்த காலத்தைக் கணித்துக் காவல்துறைக்கு உதவுவது என்று பூச்சியியல் படித்தவர்க்கு வேலைகள் பல உண்டு. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2018இல் திறக்கப்பட்டது. அடுத்த சுற்றுலாவுக்கு எங்களை அங்கே அழைத்துச் செல்லுமாறு தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோரும் உடன் வந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் தோன்றப் போவதில்லை. எல்லோரும் பூச்சியியல் அறிஞராகப் போவதுமில்லை. ஆனால் அறிந்ததை அறியாதவர்க்குச் சொல்வது அறிவோடு கூடவே வரும் கடமை என்பதை மெக்காவினின் வாழ்வு எங்களுக்குக் காட்டியது. அதை ஒரு பள்ளிப் பெண்ணும் செய்யலாம்.

அதனால் இப்போதே தொடங்குகிறோம். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். மழை பெய்து மண் இளகிய பின் புற்றிலிருந்து கூட்டமாகப் புறப்படும். அதற்குச் சிறகு வேண்டியது அந்த ஒரு பயணத்திற்கு மட்டுமே. தரையில் இறங்கியதும் சிறகைத் தானே உதிர்த்துவிட்டு, ஆணும் பெண்ணும் இணையாக மண்ணுக்குள் புகுந்து புதுக் குடியிருப்பைத் தொடங்கும். பல்லியும் தவளையும் பறவையும் தின்றது போக மிஞ்சுவன மிகச் சில. அன்று காலையில் வராந்தாவில் நாங்கள் கூட்டித் தள்ளியவை, புது வீடு தேடிப் புறப்பட்டவை கழற்றிப் போட்ட சிறகுகள்.

வரும் ஐப்பசியிலும் மழை பெய்யும், ஈசலும் வரும். சிஸ்டர் அவர்களே, அன்றும் வராந்தா விளக்கைப் போடுங்கள். அருகிலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்ட மட்டும் எங்களுக்கு அனுமதி தாருங்கள்.